கிராணி காரின் பின் சீட்டு

தோட்டத்து ஆபீஸில் கணக்குப் பார்த்த கிராணி இராஜமாணிக்கத்தின் காரில் பின் சீட்டு என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. சண்டைக்கு முன்னால் வாங்கிய கறுப்புக் கார் அது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையும், வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு உர மூட்டையும் ஏற்றி ஏற்றி, சீட்டுக்குள் இருந்த ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக உயிரை விட்டிருந்தன. இடது ஓரத்தில் ஒரு கம்பி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. கிராணி அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு மூடி வைத்திருந்தார். அந்தக் காரில்தான் என் மகள் நீலாவதியைச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

அது ஐம்பத்திரண்டாம் வருஷம். மலாயாவில் அவசரகாலம் தொடங்கி நான்கு வருஷம் ஓடியிருந்தது. எங்கள் ரப்பர் தோட்டம் கோலா கிளாவாங்கிலிருந்து உள்ளே தள்ளி, மலையை ஒட்டிக் கிடந்தது. சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் இரண்டு வரிசை முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர்களை அங்கே நிறுத்தித் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைகூடப் போய்விடக் கூடாது என்பது சட்டம். அரிசி கேட்டைத் தாண்டினால் குற்றம். மூட்டையானாலும் சரி, ஒரு பிடியானாலும் சரி. எங்கள் லயத்து வள்ளியம்மா முந்தானையில் கொஞ்சம் பொரியரிசி முடிந்துகொண்டு வெட்டுக்குப் போய், ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். பசிக்குத் தின்ன வைத்திருந்தேன் என்று அவள் அழுததை யாரும் கேட்கவில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

நீலாவதி எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் புருஷன் நல்லசாமி கெமாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகத் துப்பாக்கி தூக்கிக்கொண்டிருந்தான். லீவு கேட்டு மூன்று கடுதாசி எழுதினான், ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவளுக்கு முதல் பிள்ளை லயத்திலேயே பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. இது இரண்டாவது. எட்டு மாதம் முடிந்த நிலையில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"சன்னாசி, பிள்ளை குறுக்க கிடக்கு. தானா பொறக்காது. சிரம்பான்ல அறுத்துத்தான் எடுக்கணும். வலி எடுக்கறதுக்கு முன்னாடி அங்க போய்ச் சேர்ந்திரணும், புரியுதா? வலி எடுத்துட்டா அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல."

"லாரியில ஏத்திவிடவாங்க?"

"லாரியில வேணாம். அந்த மலை ரோட்டுல லாரி குலுக்குற குலுக்குல பாதி வழியிலயே வலி வந்துரும். படுத்த வாக்குல போகணும். கிராணிகிட்ட காரைக் கேளு."

கேட்டேன். கிராணி நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் ஒரு நொட்டை சொல்லாமல் செய்ய மாட்டார்.

"காரையும் தர்றேன், டிரைவர் டொனால்டையும் தர்றேன். வியாழக்கிழமை காலையில கான்வாய் இருக்கு. ஆனா அந்தப் பின் சீட்டுல நாய்கூட படுக்காது. நீ ஒரு காலத்துல சிரம்பான்ல சீட்டுத் தச்சவன்னு பெருமை அடிப்பியே. சரி பண்ணிக்க."

பெருமை அடிப்பேன் என்றது உண்மைதான். வாலிபத்தில் சிரம்பானில் ஒரு சீனர் கடையில் நாலு வருஷம் கார் சீட்டுக் கட்டும் வேலை செய்தேன். கடை முதலாளி தவுக்கே என் தையலைக் குறை சொன்னார் என்று ஒருநாள் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, ஊசியை எறிந்துவிட்டு வந்தவன் நான். அதன் பிறகு தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் உருட்டும் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு காலம் போனது. கை தொழிலை மறக்கவில்லை. வாயும் அடங்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் சீட்டைக் கழற்றி ஸ்டோருக்குப் பின்னால் போட்டுத் தோலைப் பிரித்தேன். உள்ளே எலிக்கூடு, உடைந்த சீப்பு, மட்கிப்போன தேங்காய் நார். இருபத்துநாலு ஸ்பிரிங்கில் பதினொன்று உடைந்திருந்தது. மிச்சமிருந்தவையும் கட்டு அறுந்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. சீட்டு என்பது ஸ்பிரிங் மட்டும் இல்லை. ஒவ்வொரு ஸ்பிரிங்கின் தலையையும் அமுக்கிப் பிடித்து, பக்கத்து ஸ்பிரிங்கோடு சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டு, எல்லாத் தலையும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி கட்ட வேண்டும். ஒன்று உயர்ந்தாலும் உட்காருகிறவன் முதுகு சொல்லும். குறுக்கே கிடக்கும் பிள்ளையைச் சுமந்துகொண்டு படுக்கப் போகிறவள் என் மகள். அதனால் நான் பதினொன்றையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

புது ஸ்பிரிங்குக்கு எங்கே போவது? சிரம்பானுக்கு ஆள் அனுப்பி வாங்க நேரமில்லை. ஆனால் ஸ்டோருக்குப் பின்னால், லாலான் புல்லுக்கு நடுவே, தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத் துரையின் கார் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் எட்டாம் நம்பர் மலை வளைவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். காரை மாடு கட்டி இழுத்துவந்து போட்டதோடு சரி, ஒருவரும் அதன் பக்கம் போனதில்லை. நான் போனேன். பின் சீட்டு மழையில் நனைந்து துருவாகிக் கிடந்தது. முன் சீட்டில், அவர் உட்கார்ந்து ஓட்டிய சீட்டில், ஸ்பிரிங்குகள் நேற்று வாங்கியது போல இருந்தன. தோலின் மேல் கறுத்துப்போய் ஒரு பெரிய கறை. அதை அறுத்து விலக்கியபோது உள்ளே நாரிலும் அந்தக் கறை இறங்கியிருந்தது. பேய் பிசாசு என்றால் கிண்டல் செய்கிறவன் நான். அன்றைக்குச் சாமி பேரைச் சொல்லிவிட்டுத்தான் கையை உள்ளே விட்டேன். பதினொரு ஸ்பிரிங்கை எடுத்து மண்ணெண்ணெயில் இரண்டு முறை கழுவினேன். கழுவின எண்ணெயில் சிவப்பு எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் மூன்றாவது முறையும் கழுவினேன்.

இதைப் போய் வீட்டில் சொல்லியிருக்க வேண்டாம். என் வாய் நிற்காது. செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது, "தொரை சீட்டு ஸ்பிரிங்குல உன் மக ராணி மாதிரி போகப்போறா" என்று என் பெண்சாதி பஞ்சாலையிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"செத்தவன் உட்கார்ந்த கம்பியா?"

"கம்பி என்ன செத்தா போச்சு?"

"ரத்தம் இறங்கின கம்பி. அதுமேல என் புள்ளயப் படுக்க வைக்கப் போற. வாயும் வயிறுமா இருக்கறவள."

"வேற கம்பிக்கு உங்க அப்பன் வீட்டுக்கா போவேன்?"

அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் நான் ஸ்டோருக்குப் பின்னால் ஸ்பிரிங்குகளை முடிச்சுப் போட்டு முடித்து, மேலே கோணியை இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது வந்தாள். கையில் ஒரு மஞ்சள் துணி. முனியாண்டி கோவிலில் வைத்துக் கும்பிட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். அவிழ்த்துக் காட்டினாள். மஞ்சள் தடவிய அரிசி, இரண்டு பிடி இருக்கும்.

எங்களில் பிள்ளைத்தாய்ச்சி வீட்டை விட்டுப் போகும்போது மடியில் அரிசி கட்டி அனுப்புவது வழக்கம். வெறும் மடியோடு போகக் கூடாது. முள்கம்பி வந்த பிறகு அதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். யார் ஜெயிலுக்குப் போவது?

"மடியில கட்டினா கேட்டுல தடவிப் பார்க்கறவ எடுத்துருவா. நீ இத சீட்டுக்குள்ள வச்சுத் தச்சிரு. அதுமேல படுத்தாப் போதும், மடியில கட்டின மாதிரிதான்" என்றாள்.

"உனக்கு மூளை கலங்கிப் போச்சா? அரிசி, புள்ள. சிரம்பான் ரோட்டுல போலீஸ் மாத்தா நிக்கிறான்."

"சீட்ட எவன் பிரிப்பான்?"

"பிரிச்சா?"

"நீ தச்சத எவன்யா பிரிப்பான்?" என்றாள்.

அவள் வேண்டுமென்றே என்னைக் குளிர்வித்தாளா, தெரியவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கறை என் மனசிலும் கிடந்தது. வெளியே அவளைத் திட்டினேனே தவிர, உள்ளே நானும் எதையாவது வைத்தால் தேவலை என்றுதான் தவித்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு ரெண்டு பிடி?"

"உசுரு ரெண்டுல்ல? ஆளுக்கு ஒரு பிடி."

"ஒண்ணு போதும். சாமி அளந்தா பார்க்கப் போகுது" என்று சொல்லி, ஒரு பிடியை அவள் முந்தானையில் திருப்பிக் கொட்டினேன். பாதி அரிசிக்குப் பாதிக் குற்றம் என்று எனக்கு ஒரு நினைப்பு. மிச்சத்தை மஞ்சள் துணியில் முடிந்து, நடுவில் இரண்டு ஸ்பிரிங்குக்கு இடையே கோணியில் வைத்துத் தைத்தேன். அதன் மேல் புது நார், அதன் மேல் இலவம்பஞ்சு, அதன் மேல் பழைய தோல்.

தோலின் முன் ஓரம் முழுக்கப் பிரித்திருந்ததால் புது நூல் போட்டுத் தைக்க வேண்டியிருந்தது. மெழுகு தடவிய வெள்ளை நூல், கோணி ஊசி. அரை விரல் இடைவெளிக்கு ஒரு தையல், ஒன்றுகூடக் கோணாமல், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும். தவுக்கே பார்த்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பார். காரைத் துடைத்துக்கொண்டிருந்த டொனால்ட் வந்து நின்று பார்த்தான். கெமாஸ் ரயில்வேக்காரர் வீட்டுப் பையன், வேதக்காரன், யாரிடமும் அதிர்ந்து பேசாதவன்.

"தையல் அழகா இருக்கு அண்ணே. ஆனா கறுப்புத் தோல்ல வெள்ளை நூல் பளிச்சுனு தெரியுது. கொஞ்சம் விளக்குக் கரியத் தடவி விட்டுருங்க லா."

"வண்டி ஓட்டுறது உன் வேலை. தையல் என் வேலை. நான் தச்சதுல கரியத் தடவச் சொல்றியா நீ?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டுப் போனான். உள்ளே அரிசி இருப்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்த நான்தான் கரியைத் தடவியிருக்க வேண்டும். தடவ மனம் வரவில்லை. கிராணி வந்து பார்த்து, "மெஷின்ல தச்ச மாதிரி இருக்கே சன்னாசி" என்றபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழரைக்குப் புறப்பட்டார்கள். போலீஸ் கொடுத்த பாஸில் டிரைவருக்கும் நோயாளிக்கும் மட்டும்தான் இடம். நானும் பஞ்சாலையும் ஞாயிற்றுக்கிழமை லாரியில் போவதாக ஏற்பாடு. நீலாவதி கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறிப் படுத்தாள். படுத்ததும் கையால் சீட்டை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள்.

"யப்பா, மெத்த மாதிரி இருக்கு. உங்க வாயவிட உங்க கை ரொம்ப நல்லது" என்றாள்.

"போய்ச் சேரு, பேச்சைப் பாரு" என்றேன். பஞ்சாலை குனிந்து அவள் தலையைத் தடவிவிட்டு, சீட்டின் நடுவில் ஒரு கணம் கையை வைத்து எடுத்தாள். எங்கள் கேட்டில் இருந்தவர்களுக்குக் கிராணி காரைத் தெரியும், எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். எனக்குப் பாதி பாரம் அப்போதே இறங்கிவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு டொனால்ட் திரும்பி வந்தான். காரை ஆபீஸ் பக்கம் கொண்டுபோகாமல் நேராக ஸ்டோருக்கு ஓட்டிவந்தான். மெஷின் சத்தத்தில் அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டான். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வெளியே கூட்டிப்போய், ஒரு கல்லின் மேல் என்னை உட்கார வைத்துவிட்டு, அவன் நின்றுகொண்டே சொன்னான்.

மலையடியில் போலீஸ் தடுப்பு இருக்கிறது. வண்டிகள் அங்கே சேர்ந்து, முன்னாலும் பின்னாலும் ராணுவ வண்டி வர, ஒன்பது மணிக்குக் கான்வாயாக மலை ஏறும். அதை விட்டால் அடுத்தது மூன்று மணிக்கு. இடையில் ஒரு வண்டியையும் விட மாட்டார்கள். இவர்கள் எட்டேகாலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நீலாவதி நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள், ஒரு குலுக்கல் தெரியவில்லை என்றாள். சோதனை போட வந்த போலீஸ்காரன் டிக்கியைப் பார்த்தான், அடியில் பார்த்தான். போகச் சொல்லிக் கையைத் தூக்கியவன் ஜன்னல் வழியே மறுபடி குனிந்து பார்த்தான்.

"பழைய சீட்டுல புதுத் தையல்னு சொன்னான் அண்ணே. எதுக்குப் பிரிச்சீங்க, எதுக்குத் தச்சீங்கன்னு கேட்டான். ஸ்பிரிங் உடைஞ்சிருச்சுன்னு சொன்னேன். கேக்கல. நீலாவதி தங்கச்சிய இறங்கச் சொன்னான்."

மூட்டையைக் குத்திப் பார்க்கிற கம்பியால் குத்தினார்கள். இரண்டு இடத்தில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது இடத்தில் கம்பியோடு நாலு மஞ்சள் அரிசி வந்தது. கத்தியைப் போட்டு என் தையலை இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் அறுத்தார்கள். டொனால்டைக் கையைத் தூக்கச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தினார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றேன், எவன் நம்புவான்? அப்பத்தான் தங்கச்சி மலாயில சொல்லுச்சு. சாயா பூஞா, சாயா பூஞான்னு. என்னுதுதான், நான்தான் வச்சேன், டிரைவருக்குத் தெரியாதுன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு அண்ணே."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மஞ்சத் துணியப் பார்த்துச்சு. அது அம்மா சேலைக் கிழிசல்னு சொல்லுச்சு. முடிச்சு அப்பா போட்ட முடிச்சுன்னு சொல்லுச்சு. என்கிட்ட தமிழ்ல மெதுவா சொல்லிட்டு, அவங்ககிட்ட என்னுதுன்னு சொல்லிருச்சு."

வயிற்றுப் பிள்ளைக்காரியை என்ன செய்வது என்று அந்தப் போலீஸ்காரர்களுக்கும் தெரியவில்லை. கோலா கிளாவாங்கிலிருந்து அதிகாரி வரட்டும் என்று ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒன்பது மணிக்குக் கான்வாய் போய்விட்டது. டிரெஸ்ஸர் எழுதிக் கொடுத்த கடுதாசியை டொனால்ட் ஒவ்வொருவரிடமும் நீட்டினான். படித்தவர்கள் பாவம் என்றார்கள், விடவில்லை. பன்னிரண்டு மணிக்கு அதிகாரி வந்தார். வெள்ளைக்காரர். அரிசியை மேசைமேல் கொட்டிப் பார்த்தார். மஞ்சளைத் தொட்டு மோந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். அங்கிருந்த தமிழ்க் கிளார்க் ஒருவர் எங்கள் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். அதிகாரி நீலாவதியைப் பார்த்துவிட்டு, போகச் சொல்லுங்கள் என்றார். வழக்கு இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் ரோடு மூடியிருந்தது. மலை வளைவில் அன்று காலை சுடும் சத்தம் கேட்டதால், அதிகாரியே நினைத்தாலும் தனி வண்டியை ஏற்ற முடியாது.

பதினொரு மணிக்கே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். இரண்டு மணிக்கு மேல் அடக்க முடியவில்லை. மூன்று மணிக் கான்வாயில், பிரித்துப் போட்ட சீட்டில், ஸ்பிரிங்கின் மேல் டொனால்டின் சட்டையையும் கோணியையும் விரித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோனான். கான்வாய் ஆமை வேகத்தில் மலை ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. அறுத்து எடுத்தார்கள். பெண் பிள்ளை, உயிரோடு. எட்டு மணிக்கு நீலாவதி போய்விட்டாள். ரத்தம் நிற்கவில்லையாம். காலையிலேயே வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருப்போம் என்று டாக்டர் சொன்னார். அதை டொனால்ட் என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

நான் அழவில்லை. கார் அருகே போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். நான் கட்டிய ஸ்பிரிங்குகள் ஒன்றுகூட அசையாமல் வரிசையாக நின்றன. கயிறெல்லாம் அவள் ரத்தம். அறுந்த வெள்ளை நூல் துண்டு துண்டாகக் கீழே தொங்கியது. என் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

டொனால்ட் பின்னால் வந்து நின்றான்.

"அண்ணே, இன்னொன்னு. மலை ஏறும்போது தங்கச்சி சொல்லுச்சு. அரிசி விசயம் அப்பாகிட்ட மட்டும் சொல்லுங்க, எப்படியும் கண்டுபிடிச்சிரும், சீட்டப் பார்த்தா தெரிஞ்சிரும். அம்மாகிட்ட சொல்ல வேணாம், அம்மா தாங்காதுன்னுச்சு. என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு."

"நானும் சொல்ல மாட்டேன்" என்றேன். அன்று மத்தியானமே சீட்டைக் கழற்றி, ஸ்டோர் அடுப்பில் போட்டு எரித்தேன். வலி முன்கூட்டியே வந்துவிட்டது, கான்வாய் தாமதமாகிவிட்டது என்று பஞ்சாலையிடம் சொன்னோம். கிராணிக்கும் அதே கதைதான், ரத்தம் ஊறிய சீட்டை எரித்துவிட்டேன் என்றேன்.

சனிக்கிழமை தோட்டத்து லாரியில் அவளைக் கொண்டுவந்தோம். மலையடித் தடுப்பில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். நல்லசாமிக்கு அன்றைக்குத்தான் லீவு கிடைத்தது. வாய்க்கரிசி போடும் நேரம் வந்தபோது, தட்டிலிருந்த அரிசியை என்னால் அள்ள முடியவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். பெத்த அப்பன் போடாமல் எப்படி என்று முணுமுணுத்தார்கள். கடைசியில் நல்லசாமிதான் என் கையைப் பிடித்து அரிசியைத் தொட வைத்து, என் பங்கையும் அவனே போட்டான்.

குழந்தையை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்து கொடுத்தார்கள். பஞ்சாலை அதைக் கீழே விடவில்லை. வந்தவர்கள் கேட்டால், முனியாண்டி கொடுத்த பிள்ளை என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வரும். நாற்பத்தெட்டு வருஷமாக ஒரு வார்த்தையை அடக்கிப் பழகாதவன் அடக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

கருமாதி முடிந்து, நல்லசாமி கெமாஸுக்குத் திரும்பிப் போன அன்று சாயங்காலம், வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். பஞ்சாலை குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தாள்.

"இத்தன நாளு நான் உன்னக் கேக்கல. இன்னைக்குக் கேக்குறேன். நான் ரெண்டு பிடி கொண்டாந்தேனா இல்லையா?"

டொனால்ட் சொல்லிவிட்டானோ என்று நினைத்தேன்.

"உசுரு ரெண்டு, ஆளுக்கு ஒரு பிடின்னு சொன்னேன். நீதான் ஒண்ணு போதும்னு திருப்பிக் கொட்டுன. சாமி அளந்தா பாக்கும்னு கேலி வேற பண்ணுன. பாத்தியா, அளந்து பாத்துருச்சு. ஒரு பிடிக்கு ஒரு உசுர விட்டுட்டு, இன்னொன்ன எடுத்துக்கிச்சு. நீ மட்டும் அந்த ஒரு பிடிய வச்சிருந்தா என் புள்ள இன்னைக்கு இருப்பா."

அவள் குரல் உயரவில்லை. குழந்தை பாலைக் குடித்துவிட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்தில் அவள் சொன்ன எதற்கும் நான் எதிர்ப்பேச்சு பேசாமல் இருந்ததில்லை. அவளும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள் போல, என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா பஞ்சால," என்றேன். "ரெண்டையும் வச்சிருக்கணும்."